குளம்படிப் பாதை

நுழையும்முன்

குதிரையை அடக்கிய வீரர்களின் கதைகள் ஏராளம். குதிரைக்குச் செவிகொடுத்து வாழ்ந்தவர்களின் கதைகள் அரிதாகவே எழுதப்பட்டுள்ளன. மத்திய ஆசிய மலைநாடு ஒன்றில், அயல்நாட்டுப் பயணிகளைக் குதிரைமேல் ஏற்றிக் கணவாய் கடத்தி அழைத்துச் செல்லும் முதிய வழிகாட்டி ஒருவரின் வாழ்வைப் பேசுகிறது இவ்வுரைநடை.

நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. தமிழ்நாட்டில் அதனினும் உயர்ந்த கொடுமுடி இல்லை. மத்திய ஆசியாவிலுள்ள கிர்கிஸ்தானிலோ, பள்ளத்தாக்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட நாட்டின் சராசரி உயரமே ஏறத்தாழ 2,750 மீட்டர். தியான் ஷான் மலைத்தொடர் அந்நாட்டைக் குறுக்கும் நெடுக்குமாக மடித்துப் போட்டிருக்கிறது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குச் செல்லக் கணவாய் ஏறி இறங்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி பனியில் கிடக்கும் அக்கணவாய்களுக்குச் சாலை என்பது அண்மைக்கால வரவு. அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாக அங்கே வண்டியும் சாலையும் குதிரைதான். 'குதிரை மனிதனின் சிறகு' என்பது கிர்கிஸ் மக்களின் பழமொழி.

அந்நாட்டின் நடுவே, நரின் மாநிலத்தில், சோங் கோல் என்னும் ஏரி இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 3,016 மீட்டர் உயரத்தில், 29 கிலோமீட்டர் நீளமும் 18 கிலோமீட்டர் அகலமும் கொண்டு விரிந்து கிடக்கும் அவ்வேரியின் கரையில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை புல் மட்டுமே. குளிர்காலத்தில் ஏரி உறைந்து இறுகிவிடும். ஜூன் மாதம் பனி விலகியதும் கீழ்ப்பள்ளத்தாக்குகளிலுள்ள ஊர்களிலிருந்து குடும்பங்கள் ஆடு, மாடு, குதிரைகளோடு மேலேறி வருகின்றன. இத்தகைய கோடை மேய்ச்சல் நிலத்தை அவர்கள் 'ஜைலோ' என்பர். மரச்சட்டங்களை வட்டமாக நிறுத்தி, ஆட்டு மயிரை அடித்து இறுக்கிய தடித்த விரிப்புகளால் போர்த்திய கூடாரங்கள் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். கூடாரத்தின் உச்சியில் புகை போகவும் வெளிச்சம் வரவும் விட்டிருக்கும் வட்டச் சட்டத்துக்குத் 'துந்துக்' என்று பெயர். கிர்கிஸ்தானின் தேசியக்கொடியில் கதிரவனின் நடுவே வரையப்பட்டிருப்பது அதுதான். செப்டம்பரில் எல்லாம் மீண்டும் மடிக்கப்பட்டுக் கீழே இறங்கிவிடும். முன்பு அவை குதிரைமேல் இறங்கின. இப்போது பெரும்பாலும் சரக்குந்தில் இறங்குகின்றன.

ஏரிக்கு வடக்கே, மலைமுகட்டுக்கு அப்பால், கிசார்ட் என்னும் சிற்றூர். அவ்வூரிலிருந்து பயணிகளைக் குதிரையில் ஏற்றி, இரண்டு மூன்று நாள்களில் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வது அந்த வழிகாட்டியின் தொழில். அறுபது வயதைக் கடந்தவர். வெள்ளைக் கம்பளித் தொப்பி, வெயிலிலும் காற்றிலும் வெடித்த முகம், சற்றே வளைந்த கால்கள். தரையில் நடக்கும்போது தயங்கித் தயங்கி அடிவைப்பவர், சேணத்தில் அமர்ந்ததும் இருபது வயது இளைஞராகிவிடுவார். இளையோர் அவரை 'அத்தா' என்று அழைக்கின்றனர். கிர்கிஸ் மொழியில் தந்தையைக் குறிக்கும் சொல் அது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் ஒலிக்கும் சொல்லை ஏறத்தாழ அதே ஒலியில் அம்மலைமேல் கேட்பது வியப்புத்தான்.

தளையும் நடையும்

குழந்தை முதன்முதலில் நடக்கத் தொடங்கும்போது கிர்கிஸ் குடும்பங்களில் ஒரு சடங்கு நடைபெறும். கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலால் குழந்தையின் இரு கணுக்கால்களையும் தளர்வாகக் கட்டுவர். ஊர்ச்சிறுவர்கள் சற்றுத் தொலைவிலிருந்து ஓடி வருவர். முதலில் வந்து சேர்பவர் கத்தியால் அந்நூலை அறுத்துவிடுவார். குழந்தையின் வாழ்க்கை தடையின்றி நடக்க வேண்டும் என்பது வேண்டுதல். 'துஷோ' என்பது அந்நூலின் பெயர். மேயவிட்ட குதிரை நெடுந்தொலைவு போய்விடாதபடி அதன் முன்கால்களைப் பிணைக்கும் கயிற்றுக்கும் அதே பெயர்தான். தமிழில் அதனைத் தளை என்போம். யாப்பில் சீரைச் சீரோடு பிணைப்பதும் தளையே. ஆங்கே நடையைக் கெடுக்காமல் நெறிப்படுத்துவதுதான் அதன் வேலை. குழந்தையின் காலையும் குதிரையின் காலையும் ஒரே சொல்லால் கட்டிய மக்கள், இரண்டின் நடையையும் ஒன்றாகவே பார்த்திருக்க வேண்டும்.

வழிகாட்டிக்கும் அந்த நூல் அறுக்கப்பட்டது. ஆனால் அவர் மண்ணில் நன்றாக நடப்பதற்கு முன்பே குதிரைமேல் அமர்த்தப்பட்டுவிட்டார். சுற்றிலும் மரக்கைப்பிடி வைத்த சிறுவர் சேணம் ஒன்று வீட்டில் இருந்தது. அவருடைய தமக்கையும் தமையனும் அதில் அமர்ந்து வளர்ந்தவர்கள். தந்தை கூட்டுப்பண்ணையின் குதிரை மேய்ப்பர். கோடை முழுவதும் தந்தைக்குப் பின்னால் சேணத்தில் அமர்ந்து, அவருடைய இடைவாரைப் பற்றிக்கொண்டு மந்தையைச் சுற்றி வந்ததுதான் அச்சிறுவன் பெற்ற முதற்கல்வி. பள்ளியில் எழுத்துக் கற்பதற்கு முன்பே குதிரையின் காதைப் படிக்கக் கற்றிருந்தான்.

குதிரையின் காது ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பவல்லது. இரண்டும் முன்னோக்கி நின்றால் எதையோ கூர்ந்து கவனிக்கிறது. ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக நின்றால் ஒரு பங்கு கவனம் வழியிலும் மறுபங்கு தன்மேல் அமர்ந்தவரிடமும் இருக்கிறது. இரண்டும் பிடரியோடு ஒட்டிப் படிந்தால் விலகி நிற்பது நல்லது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழுவட்டத்தையும் அது காண்கிறது. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் சிறிதளவு இடம் அதற்குத் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து வருபவனைக் குதிரை நம்புவதில்லை. ஆகவே தோள்ப்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே அணுக வேண்டும். இவற்றையெல்லாம் தந்தை சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் செய்தார், மகன் பார்த்தான்.

குதிரையைக் குறிக்கத் தமிழில் மா, பரி, புரவி, இவுளி எனப் பல சொற்கள் உண்டு. கிர்கிஸ் மொழியின் செல்வம் வேறு வகையானது. பிறந்த குட்டி 'குலுன்'. ஓராண்டு கடந்தது 'தாய்' (தமிழ்ச் செவிக்கு இது வேடிக்கையாகவே இருக்கும்). மூன்றாம் ஆண்டில் நடக்கும் ஆண்குட்டி 'குனான்'. நான்காம் ஆண்டில் நடப்பது 'பிஷ்டி'. வயதைப் போலவே நிறத்துக்கும் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. செம்பழுப்புக் குதிரை 'தோரு'. கறுப்பு 'கரா'. சாம்பல் கலந்த வெண்மை 'போஸ்'. நாட்டு மக்களின் பெருங்காப்பியமான மனாஸில் தலைவனின் குதிரைக்கு அக் குலா என்று பெயர் உண்டு. அதுவும் நிறத்தால் அமைந்த பெயரே. ஆனால் மேய்ப்பர்கள் தங்கள் குதிரைகளுக்குப் பெரும்பாலும் தனிப்பெயர் இடுவதில்லை. நிறத்தையும் வயதையும் சொன்னால் போதும், எந்தக் குதிரை என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும். 'உங்கள் குதிரையின் பெயர் என்ன?' என்று பயணிகள் கேட்கும்போதெல்லாம் வழிகாட்டி சற்றுத் திகைத்து, 'தோரு' என்பார். பெயரிடாமல் அன்பு செலுத்த முடியுமா என்று அவர்கள் ஐயுறுவதுண்டு.

பண்ணை கலைந்தபோது

கிர்கிஸ் மக்களின் நாடோடி வாழ்க்கை 1920களின் இறுதியில் தொடங்கிய சோவியத் கூட்டுப்பண்ணை முறையால் மாறியது. தனித்தனிக் குடும்பங்களின் மந்தைகள் பண்ணையின் உடைமையாயின. மேய்ப்பருக்கு ஊதியம், பிள்ளைகளுக்குப் பள்ளி, மருத்துவமனை எல்லாம் கிடைத்தன. ஆனால் தான் பிறப்பித்து வளர்த்த குதிரை தனதன்று என்ற நிலையும் வந்தது. பின்னர் இழுவை உந்துகளும் சரக்குந்துகளும் பெருகியபோது குதிரை பழங்காலத்துப் பொருளாகக் கருதப்பட்டது. கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1966இல் வெளியிட்ட 'குல்சாரி' என்னும் புதினம் இக்காலத்தையே பேசுகிறது. முதுமையடைந்த மேய்ப்பர் ஒருவரும் முதுமையடைந்த அவருடைய குதிரையும் ஒரு மலைச்சாலையில் சேர்ந்து கழிக்கும் கடைசி இரவே அக்கதையின் களம். வழிகாட்டியின் தந்தை நூல்கள் படிப்பவரல்லர். எனினும் அந்தக் கதையை மட்டும் யாரோ படித்துக்காட்டக் கேட்டு, பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாராம்.

1991 ஆகஸ்ட் 31 அன்று கிர்கிஸ்தான் விடுதலை பெற்றது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் பண்ணைகள் கலைக்கப்பட்டு, கால்நடைகள் குடும்பங்களுக்குப் பங்கிடப்பட்டன. அவை விழாக்காலமாக இல்லை. ஊதியம் நின்றது, கடைகளில் பொருள் இல்லை. மாவுக்காகவும் எரிபொருளுக்காகவும் மக்கள் கிடைத்த விலங்குகளை விற்றனர், அடித்து உண்டனர். ஏறத்தாழ ஒரு கோடியாக இருந்த நாட்டின் ஆடுகள் சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே குறைந்துபோயின.

அப்போது முப்பது வயதை எட்டியிருந்த அவருக்குப் பங்காகக் கிடைத்தவை சில ஆடுகளும் ஒரு பெண்குதிரையும். ஆடுகள் முதற் குளிர்காலத்திலேயே தீர்ந்தன. பெண்குதிரைக்கு இரண்டு மூட்டை மாவு தருவதாக அயலூர்க்காரர் வந்து கேட்டார். வீட்டில் மூன்று பிள்ளைகள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குதிரை அப்போது சினையாக இருந்தது. குதிரைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். குட்டி வேனிலின் தொடக்கத்தில் பிறக்கும். குட்டி பிறந்தால் பால் வரும். அவர் மாவு வேண்டாம் என்றார். அது துணிவா, பிடிவாதமா என்பதை அன்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. அந்தக் குளிர்காலத்தை உருளைக்கிழங்கும் தேநீருமாகக் கடந்தார்கள். இன்று அவர் தொழுவத்தில் நிற்கும் எல்லாக் குதிரைகளும் அந்த ஒரு பெண்குதிரையின் வழிவந்தவையே.

சேணத்துக்கு முன்

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அயல்நாட்டுப் பயணிகள் வரத் தொடங்கினர். கோச்கோர் போன்ற ஊர்களில் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, தம் வீடுகளிலும் கூடாரங்களிலும் விருந்தினரைத் தங்கவைத்துக் கட்டணம் பெறும் முறை உருவாயிற்று. குதிரையும் வழி தெரிந்தவரும் தேவைப்பட்டனர். தந்தையிடம் கற்றதற்கு ஒருவர் பணம் தருவார் என்று அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

பயணிகள் ஊருக்கு வந்து இறங்கியதும் அவர் அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. 'முன்பு குதிரை ஏறியிருக்கிறீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் 'கொஞ்சம்' என்றே சொல்வார்கள் என்பது அவர் பட்டறிவு. ஆகவே அவர் அவர்களுடைய நடையைப் பார்ப்பார். பையை எப்படி இறக்கிவைக்கிறார்கள், நாய் குரைத்தால் எப்படித் திரும்புகிறார்கள், ஒருவரோடொருவர் எவ்வளவு உரக்கப் பேசுகிறார்கள் என்பதைக் கவனிப்பார். அரைமணி நேரத்தில் குதிரைகள் பங்கிடப்பட்டுவிடும். அவசரக்காரருக்கு எதற்கும் அசையாத குதிரை. அஞ்சுபவருக்குப் பல குட்டிகளை வளர்த்த முதிய பெண்குதிரை. தன்னைத் தேர்ந்தவராகக் காட்டிக்கொள்பவருக்கு உண்மையிலேயே தேர்ச்சியைச் சோதிக்கும் குதிரை எதையும் அவர் கொடுப்பதில்லை. அது அவருக்குச் சினமூட்டும் குதிரைக்குச் செய்யும் தீங்கு என்பார்.

கோடை விடுமுறையில் அவருடைய பெயர்த்தி உடன் வருகிறாள். பதினாறு வயது. பிஷ்கெக் நகரில் படிக்கிறாள். ஆங்கிலமும் உருசிய மொழியும் அறிந்தவள். பாட்டனாரின் சுருக்கமான சொற்களைப் பயணிகளுக்கு நீட்டிச் சொல்வது அவள் வேலை.

"சோங் அத்தா, இவர் குதிரை புல்லைக் கண்ட இடமெல்லாம் நின்றுவிடுகிறதாம். சாட்டை கேட்கிறார்."

"சாட்டை வேண்டாம் என்று சொல். அவர் கடிவாள வாரை விட்டுவிட்டு நிழற்படம் எடுக்கிறார். ஆள் இல்லை என்று குதிரை நினைத்துக்கொண்டது."

முன்னே செல்ல 'சூ' என்னும் ஒலி. அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டுமே பதிந்திருக்க வேண்டும். விழ நேர்ந்தால் கால் சிக்கிக்கொள்ளக் கூடாது. ஏற்றத்தில் உடலை முன்னே சாய்க்க வேண்டும், இறக்கத்தில் பின்னே. மிகச் செங்குத்தான இறக்கத்தில் இறங்கி நடந்துவிட வேண்டும். இவ்வளவுதான் அவர் தரும் பாடம். ஆனால் நாளின் முடிவில் அவர் காட்டும் கண்டிப்பைப் பயணிகள் எதிர்பார்ப்பதில்லை. கூடாரத்தை அடைந்ததும் களைப்போடு இறங்கியவர்கள், குதிரைக்கு உடனே தண்ணீர் காட்ட விரைவார்கள். அவர் தடுத்துவிடுவார். வியர்த்து நிற்கும் குதிரைமேலிருந்து சேணத்தைக்கூட உடனே எடுப்பதில்லை. கச்சையைச் சற்றே தளர்த்தி, மூச்சு அடங்கி, சேணத்தடியிலுள்ள ஈரம் காயும்வரை கட்டிவைப்பார். மலைக்காற்று சூடான முதுகில் நேராகப் படக்கூடாது. குதிரை குளிர்ந்த பிறகே நீரும் புல்லும். அதுவரை அவரும் உண்பதில்லை. இதை அவர் விரதமாகச் சொல்லிக்கொள்வதில்லை. வேலை முடியவில்லை என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஆகஸ்ட் மாத இறுதியில், ஏரியிலிருந்து திரும்பும்போது கணவாயில் பனி பிடித்துக்கொண்டது. அவ்வுயரத்தில் கோடையிலும் பனி பெய்வது உண்டு, அது செய்தியன்று. அன்று மூடுபனியும் சேர்ந்துகொண்டதால் முன்னே செல்லும் குதிரையின் வால்கூடப் பின்னே வருபவருக்குத் தெரியவில்லை. நான்கு பயணிகள், பெயர்த்தி, அவர். முன்னே அவருடைய செம்பழுப்புத் தோரு. இறக்கத்தில் ஓரிடத்தில் தோரு நின்றது. காதுகள் முன்னோக்கி விறைத்தன. மூக்கைத் தாழ்த்திப் பனியை முகர்ந்து, மூச்சைச் சீறிவிட்டது. அவர் குதிகாலால் ஒருமுறை தொட்டார். அது அசையவில்லை. நூறு முறை கடந்த பாதை அது. அப்பனிக்கு அடியில் சிற்றோடை ஒன்று ஓடுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். இன்னொரு முறை தொட்டிருந்தால் தோரு ஒருவேளை கீழ்ப்படிந்திருக்கும். அவர் தொடவில்லை. கடிவாள வாரைத் தளரவிட்டார். தோரு வலப்பக்கம் திரும்பி, ஏறி வந்த சரிவிலேயே மீண்டும் மேலேறி, நீண்ட சுற்றாகப் போய், ஓடையை வேறோர் இடத்தில் கடந்தது. பயணிகளுள் ஒருவர் அச்சத்தோடு கேட்டார். பெயர்த்தி அதை மொழிபெயர்த்தாள்:

"வழி தெரியுமா என்று கேட்கிறார், சோங் அத்தா."

"எனக்குத் தெரியவில்லை. இதற்குத் தெரிகிறது."

பனி உருகியபின் அவர் தனியே போய்ப் பார்த்தபோது, பழைய கடவு இருந்த இடத்தில் கரை அறுந்து ஆளுயரத்துக்குக் குழி விழுந்திருந்தது.

இதில் மாயம் எதுவும் இல்லை. நிலத்தின் உறுதியைத் தன் நான்கு கால்களால் நாள்தோறும் சோதித்துக்கொண்டே வாழும் விலங்கு அது. நீர் ஓடும் ஒலியும் மண் நெகிழ்வும் மேலே இருப்பவரைவிட அதற்கே முன்னதாகத் தெரியும். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. தொழிலில் நாற்பதாண்டுப் பழக்கமுள்ள ஒருவர், நால்வர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் வாகனத்திடம் வழியை ஒப்படைத்துவிட்டு 'எனக்குத் தெரியவில்லை' என்றாரே, அந்த ஒரு சொல்லுக்குத்தான் நெடுங்காலப் பழக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

பாலும் இறைச்சியும்

பயணிகள் பலர் அவர் வீட்டு விருந்தில் ஓர் அதிர்ச்சிக்கு உள்ளாவதுண்டு. கிர்கிஸ் மக்கள் குதிரைப்பால் அருந்துகின்றனர். குதிரை இறைச்சியும் உண்கின்றனர்.

கோடையில் பெண்குதிரைகளை ஒரு நாளில் பலமுறை கறக்க வேண்டும். மடி சிறியது, பால் தேங்கி நிற்பதில்லை. முதலில் குட்டியை அவிழ்த்துவிடுவர். அது முட்டிக் குடித்ததும் பால் சுரக்கும். உடனே குட்டியைத் தாயின் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, மற்றொருவர் மண்டியிட்டு விரைந்து கறப்பார். மாலையில் குட்டிகளை அவிழ்த்துத் தாயோடு விட்டுவிடுவர். இரவுப் பால் முழுவதும் குட்டிக்கே. கறந்த பாலைத் தோல் பையிலோ மரக்குடத்திலோ ஊற்றி மத்தால் பலமுறை அடித்துப் புளிக்கவைப்பர். 'கிமிஸ்' எனப்படும் அப்புளித்த பாலே கோடையின் உணவும் விருந்தும். தலைநகர் பிஷ்கெக்கின் பெயரே அந்த மத்தின் பெயரிலிருந்து வந்தது என்று கூறுவாரும் உளர்.

இறைச்சியைப் பற்றிய கேள்வி எப்போதும் ஒரே வகையில்தான் எழும். 'நேசிக்கும் விலங்கை எப்படி உண்ண முடிகிறது?' பெயர்த்தி இதை மொழிபெயர்க்கச் சற்றுத் தயங்குவாள். வழிகாட்டி சினம் கொள்வதில்லை. தம் ஊரில் நெல் விளையாது, பருப்பு விளையாது, ஆறு மாதம் பனி. அங்கே புல்லைத் தின்று மனிதனுக்கு உணவாக மாற்றித் தருபவை விலங்குகளே என்று சொல்வார். தம் கையால் வளர்த்த குதிரையை அறுக்க நேர்ந்த குளிர்காலங்கள் உண்டு என்பதையும் மறைப்பதில்லை. ஆனால் குதிரையின் மண்டையோட்டைக் கால் படும் இடத்தில் எறியக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதை உயரமான இடத்தில் கொண்டுபோய் வைப்பர். அவர் ஊருக்கு மேலேயுள்ள மேட்டில், ஏரியிருக்கும் திசையை நோக்கி, அந்த முதல் பெண்குதிரையின் மண்டையோடு வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. அவ்வழியே போகும்போது அவர் தொப்பியைத் தொட்டுக்கொள்வார். பயணிகளிடம் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை.

விலங்கை உண்ணாதவரின் அன்பு உயர்ந்தது, உண்பவரின் அன்பு தாழ்ந்தது என்று எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நகரத்து மனிதர் ஒரு விலங்கை நேசிக்கும்போது அதனிடம் வேறெதையும் வேண்டுவதில்லை. வழிகாட்டியோ குதிரையிடம் உழைப்பையும் பாலையும் உயிரையுமே வாங்கிக்கொண்டவர். வாங்கிய கடன் எவ்வளவு என்பது தெரிந்திருப்பதால்தான் அதன் வியர்வை காயும்வரை அவரால் உண்ண முடியவில்லை.

தோருவின் குளிர்காலம்

தோருவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. குதிரைக்கு அது முதுமை. கடைவாய்ப் பற்கள் தேய்ந்து, உலர்புல்லைச் சரியாக மெல்ல முடியாமல் பாதியை உருண்டையாக்கி உமிழ்ந்துவிடுகிறது. கண்ணுக்கு மேலே குழி விழுந்துவிட்டது. சென்ற கோடையில் கணவாயின் கடைசி ஏற்றத்தில் இருமுறை நின்று மூச்சு வாங்கியது. வழிகாட்டி இறங்கி, மீதித் தொலைவை அதன் பக்கத்திலேயே நடந்தார். அதன்பின் அதன்மேல் சேணம் ஏறவில்லை.

அந்நாட்டில் அக்டோபர் மாதம் கணக்குப் பார்க்கும் மாதம். எத்தனை விலங்குகளுக்கு உலர்புல் இருக்கிறது, எவற்றைக் குளிர்காலம் முழுவதும் காப்பாற்ற முடியும், எவற்றைச் சந்தைக்கு அனுப்ப வேண்டும், எதை அறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் பேசுவார்கள். வேலை செய்ய இயலாத குதிரைக்குப் புல் போடுவது பால் தரும் பசுவின் பங்கைப் பறிப்பதாகும். கோச்கோர் கால்நடைச் சந்தையின் வணிகர் ஒருவர் வீடு தேடி வந்து, தோருவின் முதுகைத் தடவி, எடையைக் கண்ணாலேயே அளந்து, ஒரு விலை சொன்னார். நியாயமான விலைதான். உருசியாவில் கட்டட வேலை செய்யும் மகனிடம் தொலைபேசியில் கேட்டபோது அவனும் கொடுத்துவிடுமாறு கூறினான். அவன் கல்நெஞ்சன் அல்லன். அந்தத் தொழுவத்துக்குப் புல் வாங்கும் பணத்தில் ஒரு பகுதி அவன் அனுப்புவது. அவனுக்கும் கணக்குத் தெரியும்.

வழிகாட்டி இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரண்டு செம்மறியாடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, சரக்குந்து ஒன்றில் உலர்புல்லும் இரண்டு மூட்டைத் தவிடும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். பக்கத்து வீட்டார் வேலியருகே நின்று காரணம் கேட்டனர். அவர் தொழுவத்தில் நின்ற மூன்றாண்டுக் குட்டியைக் காட்டி, "குனானுக்கு அடுத்த கோடையில் சேணம் ஏறுகிறது. பழக்க ஓர் ஆள் வேண்டாமா?" என்றார். இளங்குதிரையை முதிய குதிரையின் பக்கத்தில் கட்டிப் பழக்குவது அவர்களிடையே உள்ள முறைதான். முதியது எதற்கு அஞ்சுகிறது, எதற்கு அஞ்சவில்லை என்பதைப் பார்த்தே இளையது கற்கும். ஆகவே அவர் சொன்னதில் பொய் இல்லை. அதற்கு இருபத்திரண்டு வயதுக் குதிரைதான் வேண்டுமா என்று பக்கத்து வீட்டார் கேட்கவில்லை.

நவம்பரில் பனி ஊரை மூடியது. பிஷ்கெக்கிலிருந்து பெயர்த்தி வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைக்கிறாள். தேர்வைப் பற்றியும் விடுதியைப் பற்றியும் பேசிவிட்டு, குரலைச் சற்றுத் தாழ்த்தி, "தோரு தின்கிறதா, சோங் அத்தா?" என்பாள். தவிட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுப்பதாகவும், காலையில் குனான் அதன் பங்கைத் திருடப் பார்க்கிறது என்றும், தோரு காதைப் பின்னுக்குச் சாய்த்து ஒரே ஒருமுறை பார்த்தால் குட்டி விலகிவிடுகிறது என்றும் அவர் சொல்வார். வெளியே காற்று வடக்கிலிருந்து வீசும். இரண்டு குதிரைகளும் காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒன்றன் தோளில் மற்றொன்று சாய்ந்து நிற்கும். ஏரிக்குப் போகும் கணவாய் திறக்க இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன.